மண்டபத்து இருட்டில் ஒரு குடித்தனம்: கேள்வி – பதில்

சென்ற இதழில் கோயில் மண்டபத்துச் சின்ன வௌவால்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே பேசின. ஆகவே இந்த முறை அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை. பக்கம் முழுவதும் வௌவாலுக்கே.

*காரைக்குடி வாசகி: எங்கள் ஊர் மண்டபத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் வௌவால்கள் தொங்குகின்றன. மூக்கில் அடிபட்டுச் சதை பிதுங்கியது போல இருக்கிறது. ஏதாவது நோயா?*

நோய் இல்லை அம்மா, மூக்கே அப்படித்தான்! நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது இலைமூக்கு வௌவால். நம் பக்கத்துக் குகைகளிலும் பழைய மண்டபங்களிலும் பரவலாகத் தங்குவது அவற்றில் ஷ்னைடர் இலைமூக்கு வௌவால் என்ற இனம். அடுத்த முறை டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு, எட்ட நின்று, ஒரே ஒரு நிமிடம் பாருங்கள். மூக்குத் துளைகளைச் சுற்றி லாட வடிவில் ஒரு சதை மடிப்பு இருக்கும். அதன் இரு புறமும் பக்கத்துக்கு மூன்றாகச் சின்ன மடல்கள். மேலே நிமிர்ந்த ஒரு தோல் விளிம்பு. ஆணாக இருந்தால் நெற்றியில் ஒரு சிறு பையும் உண்டு. இந்த வௌவால் ஒலி எழுப்புவது மூக்கால். எழுப்பிய ஒலியைக் குவித்து முன்னால் அனுப்பும் வேலையைத்தான் அந்த மடிப்புகள் செய்கின்றன. மொத்த உடம்பின் எடை சுமார் பத்து கிராம். ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே கூடுதல்.

*தரங்கம்பாடி மாணவர்: இந்த வௌவாலுக்கு எங்கள் ஊரோடு தொடர்பு உண்டாமே?*

உண்டு தம்பி, பெருமைப்படலாம். 1800-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, ஆதாரமாக இருந்த மாதிரி போனது தரங்கம்பாடியிலிருந்துதான். அன்று உங்கள் ஊர் டேனிஷ்காரர் கையில் இருந்தது. உலகத்தில் இந்த வௌவால் வாழ்வது இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே. டேனிஷ் கோட்டையைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னால், இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

*நாகர்கோவில் வாசகர்: எங்கள் வீட்டுச் சப்போட்டாவைக் கடித்துப் போடுவது இதுதானா?*

இல்லை ஐயா. இது பழத்தைத் தொடாது. வண்டு, ஈ, அந்துப்பூச்சி, ஈசல்தான் இதன் சாப்பாடு. சப்போட்டாவுக்கு வருவது பழந்தின்னி வௌவால். அது வேறு குடும்பம், வேறு வாழ்க்கை. அது கண்ணாலும் மோப்பத்தாலும் உணவைத் தேடும், இது காதால் தேடும். அது தின்றதற்கு இதைப் புகை போட்டு விரட்டாதீர்கள். பழந்தின்னியையும் விரட்ட வேண்டாம். இலுப்பைக்கும் அத்திக்கும் விதை பரப்பிக் கொடுப்பது அதுதான்.

*சேலம் வாசகி: வௌவாலுக்குக் கண் தெரியாது, தலைமுடியில் வந்து மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே?*

இரண்டும் தவறு. எந்த வௌவாலுக்கும் கண் தெரியும். இலைமூக்குக்குக் கண் சிறியது, அவ்வளவுதான். முடி இழையைக்கூட இருட்டில் உணர்ந்து விலகிப் போகிற உயிர் உங்கள் கூந்தலில் வந்து ஏன் மாட்டப்போகிறது? தலைக்கு மேல் வட்டமடித்தால், உங்களைச் சுற்றிப் பறக்கிற கொசுவுக்காக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

*திருச்சி வாசகர்: இருட்டில் ஒலியால் 'பார்க்கிறது' என்பதை யார் கண்டுபிடித்தார்கள்? எப்படி வேலை செய்கிறது?*

1790-களில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார் வௌவால்களின் கண்ணை மறைத்துப் பறக்கவிட்டார். அவை இடறாமல் பறந்தன. ஜெனிவாவில் ஜூரின் என்ற மருத்துவர் காதை அடைத்துப் பார்த்தார். அவை சுவரில் மோதின. ஆக, வழி காட்டுவது காதுதான் என்று தெரிந்தது. ஆனால் மனிதக் காதுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லையே? அதனால் அப்போது யாரும் நம்பவில்லை. நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 1938-இல் அமெரிக்காவில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர் மீயொலியைப் பதிவு செய்யும் கருவிக்கு முன்னால் வௌவாலைக் கொண்டுபோய் வைத்தார். அமைதியானது என்று நினைத்த உயிர் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது!

நம் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஷ்னைடர் இலைமூக்கு எழுப்புவது 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் ஒரு வண்டு இருந்தால், ஒலி போய் மோதித் திரும்ப விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம். அந்தத் தாமதத்தை வைத்துத் தூரத்தையும், இரண்டு காதுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் திசையையும் கணக்கிடுகிறது. இலக்கு நெருங்க நெருங்கக் கூப்பாடுகள் அடுத்தடுத்து விழும். இவ்வளவும் பறந்துகொண்டே.

உயர்ந்த ஒலியில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். 130 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆகவே மிகச் சிறிய பூச்சியும் அதில் படும். ஆனால் அவ்வளவு உயர்ந்த ஒலியைக் காற்று சீக்கிரம் விழுங்கிவிடும்; சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதனால்தான் இந்த வௌவால் வெட்டவெளி வானத்தில் வேட்டையாடாமல், மரம் செடிகளை ஒட்டியே பறக்கிறது. மண்டபத்துக்கு வெளியே உள்ள நந்தவனத்தை வெட்டிச் சிமென்டு போட்டால், வீடு இருந்தும் சாப்பாடு இல்லாத நிலைக்கு அது வந்துவிடும்.

*திருநெல்வேலி வாசகர்: இப்படிக் கத்திக்கொண்டு வந்தால் அந்துப்பூச்சி உஷாராகிவிடாதா?*

நல்ல கேள்வி, கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்துப்பூச்சியும் கேட்கிற கேள்வி! பல அந்துப்பூச்சி இனங்களுக்கு வௌவால் ஒலியைக் கேட்கவே காது உண்டு. கேட்டதும் சிறகை மடக்கித் தரையில் விழுந்து தப்பும். ஆனால் அந்தக் காதுகள் பெரும்பாலும் 20 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கூர்மை. நம் இலைமூக்கு கத்துவது அதற்கு வெகு மேலே. பூச்சிக்கு அது மங்கலாகக் கேட்பதற்குள் கதை முடிந்திருக்கும்.

*மதுரை வாசகர்: வெளிச்சமே எட்டாத குகைக்குள் தொங்கும் வௌவாலுக்குச் சூரியன் மறைந்தது எப்படித் தெரிகிறது?*

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததுதான் பொருத்தம். ஏனென்றால் உலகத்துக்கு இதன் பதிலைச் சொன்னதே மதுரை! மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகாரம் பற்றி ஆராய்ந்துவந்தார். அவரும் ஜி. மாரிமுத்து முதலிய அவரது மாணவர்களும் 1970-களின் பிற்பகுதியில் எடுத்துக்கொண்ட உயிர் இதே ஷ்னைடர் இலைமூக்கு. களம் மதுரைப் பக்கத்துக் குகை.

செய்தது எளிய சோதனை. அசைவைப் பதிவு செய்யும் சின்னக் கூண்டில் ஒரு வௌவாலை அடைத்து, வெளிச்சமே எட்டாத குகைக்குள் வைத்தார்கள். குகையில் மற்ற வௌவால்கள் வழக்கம்போல வாழ்ந்து, அந்தியில் வெளியே போய், விடியலில் திரும்பிக்கொண்டிருந்தன. கூண்டுக்குள் இருந்ததும் அதே நேரத்துக்கு விழித்தது, அதே நேரத்துக்கு அடங்கியது. அது சூரியனைப் பார்க்கவில்லை. ஆனாலும் சூரியனோடு ஒத்துப்போனது. பிறகு, வேறு வௌவாலே இல்லாத குகையில் ஒன்றைத் தனியாக வைத்தார்கள். அதன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஓடியது. ஆனால் ஊர் நேரத்தோடு ஓடவில்லை. விழிக்கும் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது.

ஆக, குகைக்குள் நேரம் சொல்வது கூட்டம். வாசல் பக்கம் போய் வெளிச்சத்தைப் பார்த்து வருகிறவற்றின் நடமாட்டமும் சத்தமும் உள்ளே இருப்பவற்றின் கடிகாரத்தைத் திருத்தி வைக்கின்றன. சமூக உறவு ஒன்றே உயிர்க்கடிகாரத்தை நேர்ப்படுத்தும் என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று பாலூட்டிகளில் அரிது. 1978-இலும் 1981-இலும் ஜெர்மானிய அறிவியல் இதழ்களில் வெளியான இந்த முடிவுகளை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். நம் பள்ளிப் பாடநூல்களில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதில் பாதுகாப்புக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கூட்டத்தைக் கலைத்தால் எண்ணிக்கை குறைவது மட்டும் இல்லை; மிஞ்சியவை ஒன்றையொன்று பார்த்து வாழ்கிற ஒழுங்கும் குலைகிறது.

*யாழ்ப்பாணம் வாசகி: எங்கள் நாட்டிலும் இது இருக்குதெண்டு சொன்னீர்கள். இங்கே என்ன ஆய்வு?*

இலங்கையில் இந்த வௌவாலின் அந்தி வேட்டையைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். பல வௌவால்கள் நன்றாக இருட்டும்வரை காத்திருக்கும். இது வெளிச்சம் முழுக்க அடங்கும் முன்பே கிளம்பிவிடும். அந்தியில் பூச்சிகள் திரளாகப் பறக்கும் சிறு பொழுது ஒன்று உண்டு; பருந்து, வல்லூறு கண்ணில் படுகிற ஆபத்து இருந்தும் அந்த விருந்தை விட அதற்கு மனமில்லை. உங்கள் பக்கத்தில் பழைய கட்டடமோ குகையோ இருந்தால், மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள்.

*சென்னை வாசகர்: ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நிஜமா?*

அந்தக் கணக்கின் மூலம் 1960-இல் அமெரிக்காவில் கிரிஃபின் குழு நடத்திய அறைச் சோதனை. மூடிய அறையில் கொசுவை ஏராளமாக விட்டு, சில நிமிடங்களில் வௌவால் பிடித்ததைக் கணக்கிட்டார்கள். அந்தச் சில நிமிடத்தை மணிக்கணக்காகப் பெருக்கி, பிறகு கைக்குக் கை ஆயிரமாக்கிவிட்டார்கள். வெளியில் வௌவால் கொசுவும் தின்னும், ஆனால் பெரிய பூச்சி கிடைக்கும்போது அதைத்தான் தேடும். பொதுவாகச் சிறிய பூச்சியுண்ணி வௌவால் ஓர் இரவில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை தின்னும். பாலூட்டும் தாய் அதற்கும் மேலே. உண்மையே இவ்வளவு பெரிதாக இருக்க, பொய் எதற்கு?

*தஞ்சை விவசாயி: எனக்கு அதனால் என்ன பலன்? நேராகச் சொல்லுங்கள்.*

நேராகவே சொல்கிறேன். தாய்லாந்தில் நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியை அங்குள்ள ஒரு சின்ன வௌவால் இனம் எவ்வளவு தின்கிறது என்று கணக்கிட்டார்கள். அந்த ஒரு இனம் காப்பாற்றும் நெல் ஆண்டுக்கு ஏறத்தாழ 26,000 பேரின் சாப்பாடு. 2014-இல் வந்த கணக்கு அது.

இன்னொன்று மனதை உலுக்குவது. அமெரிக்காவில் 2006 முதல் வெண்மூக்கு நோய் என்ற பூஞ்சைத் தொற்று குகை வௌவால்களை லட்சக்கணக்கில் கொன்றது. வௌவால் செத்த மாவட்டங்களில் விவசாயிகள் என்ன செய்தார்கள் என்று ஒரு பொருளாதார ஆய்வு 2024-இல் பார்த்தது. பூச்சிமருந்துப் பயன்பாடு சுமார் 31 சதவீதம் கூடியிருந்தது. அதே மாவட்டங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு ஏறக்குறைய 8 சதவீதம் அதிகரித்திருந்தது. வௌவால் செய்த வேலையை மருந்தைக் கொண்டு செய்யப் போனதற்குக் கொடுத்த விலை அது. உங்கள் வயலை ஒட்டிய பாழ்மண்டபத்தில் தொங்குவது கூலி கேட்காத ஆள், ஐயா. நீங்கள் மருந்தைக் குறைத்தால் அது நிலைக்கும்.

*கோயம்புத்தூர் வாசகி: நிபா, வெறிநோய் எல்லாம் வௌவாலால் வருகிறது. பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?*

பக்கத்தில் இருக்கட்டும், கையில் எடுக்காதீர்கள். 2018-இல் கேரளத்தில் பரவிய நிபாவோடு தொடர்புபடுத்தப்பட்டது மரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால். மண்டபத்து இலைமூக்கு அல்ல. வெறிநோயைப் பொறுத்தவரை மனிதருக்கு வருவதில் 99 சதவீதம் நாய்க்கடியால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனாலும் எந்த வௌவால் கடித்தாலும், கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். காய்ந்த எச்சத்தைப் பெருக்கும்போது தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். தூசியில் பூஞ்சை இருக்கலாம். இவ்வளவுதான். பயம் வேண்டாம், கவனம் போதும்.

*விருதுநகர் மாணவி: வீட்டுக்குள் வந்துவிட்டால்?*

மின்விசிறியை நிறுத்து, விளக்கை அணை, ஜன்னலைத் திற, நீ வெளியே வா. அதற்கு வழி தெரியும்.

*புதுக்கோட்டை வாசகர்: பரணில் கிடப்பது எலிப்புழுக்கையா வௌவால் எச்சமா என்று எப்படிச் சொல்வது?*

ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். பூச்சியுண்ணி வௌவாலின் எச்சம் காய்ந்ததும் பொலபொலவென்று உதிரும். வெயிலில் பிடித்தால் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு செரிக்காத வண்டு ஓடும் பூச்சிச் சிறகும். எலிப்புழுக்கை கெட்டி, உதிராது. பல்லி எச்சத்தில் ஒரு முனை வெள்ளை. வௌவால் எச்சமாக இருந்தால் கொட்டிவிடாதீர்கள், தழைச்சத்து மிகுந்த உரம். ரோஜாத் தொட்டிக்குக் கொஞ்சமாகப் போடுங்கள்.

*ஈரோடு வாசகர்: எலி மாதிரிப் பெருகிவிடாதா?*

எலியோடு ஒப்பிடுவதே பிழை. இது ஒரு பேற்றில் ஈனுவது ஒரே குட்டி. இலைமூக்குத் தாய்க்கு மார்பில் பால் காம்பு இருப்பதோடு, அடிவயிற்றில் பால் சுரக்காத இரண்டு போலிக் காம்புகளும் உண்டு. குட்டி வாயால் அதைக் கவ்விக்கொண்டு தாயோடு தொங்கும். தாய் அப்படியே சுமந்து பறப்பாள். பத்து கிராம் உடம்பு தன் எடையில் கணிசமான பங்கைத் தூக்கிக்கொண்டு பறப்பதை நினைத்துப் பாருங்கள். எலி இரண்டு மூன்று ஆண்டு வாழ்ந்து பல குட்டி போடும். வௌவால்கள் குறைவாக ஈன்று நெடுநாள் வாழும் வகை. சைபீரியாவில் வளையம் மாட்டி விட்ட பிராண்ட் வௌவால் ஒன்று 41 ஆண்டு கழித்து உயிரோடு அகப்பட்டது. அதன் எடை ஏழு கிராம் அளவு. இப்படிப்பட்ட உயிர்களில் ஒரு கூட்டத்தை ஒரே இரவில் புகை போட்டு அழித்தால், அது திரும்பி வளரப் பல்லாண்டு ஆகும்.

*வேலூர் வாசகர்: ஷ்னைடர் இலைமூக்கு அழிவு அபாயம் இல்லாத இனம் என்றுதானே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது? பிறகு ஏன் இவ்வளவு கவலை?*

பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு சம்பவம் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் மூன்று கிராம் எடையுள்ள ஒரு வௌவால் இருந்தது. 1980-களில் அங்கே எங்கும் காண முடிந்தது. பிறகு குறைந்துகொண்டே வந்தது. பிடித்துக் கூண்டில் வளர்த்துப் பெருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கெஞ்சினார்கள். அரசு ஒப்புதல் தந்தது 2009 ஜூலையில். ஆகஸ்டில் ஆட்கள் வலையோடு போனபோது ஒலிக்கருவியில் கேட்டது ஒரே ஒரு வௌவாலின் குரல். 2009 ஆகஸ்ட் 26 இரவுக்குப் பிறகு அதுவும் கேட்கவில்லை. 2017-இல் இனமே அற்றுப்போனது என்று அறிவித்தார்கள்.

இரண்டாவது நம் பக்கத்தில். 1994-இல் அறிவியல் பெயர் பெற்ற கோலார் இலைமூக்கு வௌவால், நம் ஷ்னைடர் இலைமூக்கின் பேரினத்தைச் சேர்ந்தது. இன்று அது இருப்பதாகத் தெரிவது கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஹனுமனஹள்ளிக் குகையில் மட்டும். எண்ணிக்கை 200-க்கும் கீழே. சுற்றிலும் கருங்கல் உடைத்ததுதான் பெரிய கேடு. ஒரு குன்று போனால் ஓர் இனம் போகும் என்கிற நிலை. 'பரவலாக இருக்கிறது' என்பது காப்பாற்ற வசதியான காலம். அந்தக் காலத்தில்தான் செலவும் குறைவு.

*கும்பகோணம் வாசகி: கோயிலுக்கு இரவெல்லாம் வண்ண விளக்கு போட்டிருக்கிறோம். அழகாக இருக்கிறது. தப்பா?*

கோபுரம் அழகுதான் அம்மா. ஆனால் வௌவால் கிளம்பும் வாசலில் விளக்கு விழுந்தால் அது கிளம்பத் தயங்கும். அந்தி விருந்து கைநழுவும். ஸ்வீடனில் 1980-களில் நீள்காது வௌவால் குடியிருந்த கிராமத் தேவாலயங்களை, பல ஆண்டு கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்கள். விளக்கு போடாத தேவாலயங்களில் கூட்டம் அப்படியே இருந்தது. சுற்றிலும் விளக்கு போட்டவற்றில் காலி. வாசல் இருக்கும் ஒரு பக்கத்தை மட்டுமாவது இருட்டாக விடுங்கள்.

*தேனி வாசகர்: சட்டம் என்ன சொல்கிறது?*

வெகுகாலம் சட்டம் வௌவாலுக்கு அநியாயம் செய்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர் அட்டவணையில் வைத்தது. அந்த அட்டவணையே 2022 திருத்தத்தில்தான் போனது. அதற்கு முன் முதல் அட்டவணைப் பாதுகாப்புப் பெற்றிருந்தவை இரண்டே வௌவால்கள். அதில் ஒன்று உங்கள் மேகமலையில் 1948-இல் பிடிபட்ட சலீம் அலி பழந்தின்னி.

*சிவகங்கை, கோயில் திருப்பணிக் குழுவினர்: குடமுழுக்கு வருகிறது. நாற்றம் என்று பக்தர்கள் புகார். வௌவாலை என்ன செய்ய?*

உங்கள் கடிதத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று சொல்லலாம். கேட்டதற்கே நன்றி, பெரும்பாலானோர் கேட்காமல் வலை கட்டிவிடுகிறார்கள், உள்ளே மாட்டிய தாயும் குட்டியும் பட்டினியில் சாகின்றன.

வேலை தொடங்கும் முன் சில மாலைகள் வாசலில் ஒருவரை நிறுத்தி, வெளியே வருவதை எண்ணச் சொல்லுங்கள். உள்ளே குட்டி இருக்கிறதா என்று அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாணவர்கள் மகிழ்ந்து வருவார்கள். குட்டி இருந்தால், அது பறக்கப் பழகும்வரை அந்த மண்டபத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் வேலையை நடத்துங்கள். புகை, வெடி, மிளகாய் நெடி எதுவும் வேண்டாம். கருவறையை ஒட்டிய இடத்தில் இருக்கவே கூடாது என்றால், குட்டி இல்லாத காலத்தில், இரவில் அவை வெளியே போனபின் அந்தத் திறப்பை மட்டும் அடையுங்கள். ஆனால் வழிபாடு நடக்காத ஏதேனும் ஓர் இருட்டறையின் வாசலைத் திறந்தே வையுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து வாரம் ஒரு முறை எச்சத்தை அள்ளினால் நாற்றமும் குறையும், நந்தவனத்துக்கு உரமும் ஆகும். கல் சுத்தம் செய்யும் ஒப்பந்ததாரரிடம் இதையெல்லாம் எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

குடமுழுக்கு முடிந்த பிறகு ஒரு மாலை மறுபடி எண்ணி, இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.